ரஷ்யச் செம்புக் காசுகளில் மேலச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யாவின் கனமான செம்புக் காசுகள், குறிப்பாக இரட்டைத்தலைக் கழுகு பொறித்த ஐந்து கோப்பெக் காசுகள், நம்மூர்ச் சேகரிப்பாளர்களின் கைக்கும் வருகின்றன. வாங்கியவர் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்க்கும்போது கழுகின் சிறகுக்குள் ஒரு மத்தளமோ, எழுத்துகளுக்கு இடையே ஒரு குதிரைக் காலோ தென்படுகிறது. அதற்குப் பிறகு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை என்பதால், கேட்டவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து இங்கே பதில்களைத் தொகுத்திருக்கிறேன். முன் பதிலில் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. ஆகவே புதியவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரே காசுல ரெண்டு படம் கலந்து தெரியுது. இது பிழைக் காசா?

பிழை இல்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த ஒரு காசை எடுத்து, அதை உருக்காமல், அச்சு விழாத வெறும் உலோக வில்லையாகக் கருதி, அதன் மேலேயே புதிய அச்சால் அடித்திருக்கிறார்கள். இதைச் சேகரிப்பாளர்கள் ஓவர்ஸ்ட்ரைக் என்பார்கள். நான் மேலச்சு என்று எழுதுகிறேன். அடியில் மறைந்த பழைய காசை அடிக்காசு என்றும், அதில் அழியாமல் தங்கிவிட்ட கோடுகளையும் எழுத்துகளையும் எச்சம் என்றும் குறிப்பிடுகிறேன்.

புதிய அச்சு விழும்போது பழைய மேடுகள் நசுங்கும். ஆனால் அச்சின் குழிவான பகுதிக்கு நேரே அமைந்த பழைய மேடு முழு அழுத்தத்தைப் பெறாமல் தப்பிவிடும். அப்படித் தப்பியதுதான் உங்கள் கண்ணில் படுகிறது. அரசாணையின் பேரில் பெரும் எண்ணிக்கையில் நடந்த வேலை இது. ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம்.

உருக்கிப் புதுசா அடிச்சிருக்கலாமே, எதுக்குப் பழைய காசு மேலயே அடிச்சாங்க?

உருக்குவது, தகடாக்குவது, வில்லை வெட்டுவது என்ற மூன்று வேலைகளும் மிச்சமாகின்றன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கருவூலத்துக்கு வந்த லாபம். ரஷ்யாவில் செம்புக் காசின் தரத்தை, ஒரு பூட் எடையுள்ள செம்பிலிருந்து எத்தனை ரூபிள் மதிப்புக்குக் காசு அடிக்கலாம் என்று நிர்ணயித்தார்கள். ஒரு பூட் என்பது சுமார் 16.38 கிலோ, ஒரு ரூபிள் என்பது 100 கோப்பெக். பூட்டுக்கு 16 ரூபிள் என்றிருந்த கணக்கை 32 ரூபிள் என்று மாற்றிவிட்டால், அதே செம்பு, அதே வில்லை, மேலே விழுகிற அச்சு மட்டும் வேறு. ஐந்து கோப்பெக் காசு பத்து கோப்பெக் ஆகிவிடும்.

ரஷ்யப் பேரரசர் மூன்றாம் பீட்டர் 1762-ல் செய்தது இதைத்தான். தமக்கு முன் ரஷ்யாவை ஆண்ட எலிசபெத் அரசியின் காலத்து ஐந்து கோப்பெக் காசுகளைத் திரும்பப் பெற்றுப் பத்து கோப்பெக் அச்சை அவற்றின் மேல் அடிக்கச் செய்தார். அவருடைய ஆட்சி ஆறு மாதத்தில் கவிழ்ந்தது. பின்னர் அரியணை ஏறிய அவருடைய மனைவி இரண்டாம் கேத்தரின் பழைய தரத்துக்கே திரும்பி, அந்தப் பத்து கோப்பெக் காசுகளின் மேல் மறுபடியும் ஐந்து கோப்பெக் அச்சை அடிக்க வைத்தார். 1763 முதலான சில ஆண்டுகளின் ஐந்து கோப்பெக் காசுகளில் எச்சம் இவ்வளவு அதிகமாகத் தெரிவதற்கு இந்தத் திரும்பலே காரணம்.

நம்ம நாட்டுல இப்படி நடந்ததே இல்லையா?

நடந்திருக்கிறது, மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டே நம்முடையதுதான். 1906-ல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் கிடைத்த புதையலில் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. அவை மேற்கு இந்தியாவை ஆண்ட சத்ரப அரசனான நகபானனின் காசுகள். அவற்றில் 9,000-க்கும் மேற்பட்டவற்றின் மேல் சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் அச்சை அடித்திருந்தான். அங்கே தோற்றவனின் முகத்தின் மீது வென்றவனின் சின்னம் விழுந்தது. ரஷ்யாவில் நடந்தது பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வேலை. ஆனாலும் எச்சத்தைப் படிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பூட், ரூபிள்னு கணக்குச் சொல்றீங்க. காசை அடையாளம் காண அது எதுக்குங்க?

அதுதான் முதல் படி. வில்லை மாறவில்லை என்றால் எடையும் மாறியிருக்காது. ஆகவே உங்கள் காசின் எடையைப் பார்த்தவுடனேயே, அடியில் எந்தெந்தக் காசுகள் இருக்க முடியும், எவை இருக்கவே முடியாது என்று பிரித்துவிடலாம். பூட்டுக்கு 16 ரூபிள் கணக்கில் ஐந்து கோப்பெக் காசுக்கு 51.19 கிராம் வருகிறது. 32 ரூபிள் கணக்கில் பத்து கோப்பெக்குக்கும் அதே 51.19 கிராம்தான். அதேபோல் 16 ரூபிள் கணக்கின் இரண்டு கோப்பெக்கும், 32 ரூபிள் கணக்கின் நான்கு கோப்பெக்கும் 20.48 கிராம். எனவே 50 கிராம் அளவில் இருக்கும் ஐந்து கோப்பெக் காசைக் காட்டி, இதன் அடியில் நான்கு கோப்பெக் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எச்சத்தைப் பார்க்காமலேயே மறுத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. இவை கணக்குப்படி வரும் எடைகள். ஒரு பூட் செம்புக்கு இவ்வளவு காசு என்று மொத்தமாகக் கணக்குப் பார்த்தார்களே தவிர, ஒவ்வொரு காசையும் தராசில் வைத்துச் சரி செய்யவில்லை. ஆகவே ஐந்து கோப்பெக் காசு சில கிராம் கூடியோ குறைந்தோ இருப்பது இயல்பு. 47 கிராம் இருக்கிறது என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். தங்கம் எடைபோடும் நுட்பமான தராசு தேவையில்லை. பத்தில் ஒரு கிராம் காட்டுகிற சிறிய மின்தராசு போதும்.

அடியில இருக்கிற காசோட அடையாளத்தை எங்க தேடணும்?

தேடுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பட்டியல் போடுங்கள்: எடைப்படி இருக்கக்கூடிய அடிக்காசுகள் எவை, அவற்றில் ஒவ்வொன்றின் இரு பக்கங்களிலும் என்ன இருக்கும். இதைச் செய்யாமல் நேராக உருப்பெருக்கியை எடுப்பவர்களுக்குச் செம்பில் உள்ள ஒவ்வொரு கீறலும் குதிரையாகத் தெரியும். பட்டியல் கையில் இருந்தால், இது குதிரையா என்ற கேள்வியோடு நிற்காமல், இந்தப் பட்டியலில் உள்ள எந்த உருவத்தின் எந்தப் பகுதி இது என்று கேட்கப் பழகிவிடுவோம்.

கேத்தரினின் ஐந்து கோப்பெக் காசை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் இரட்டைத்தலைக் கழுகு, அதன் கீழே மதிப்பு எழுதிய நாடா, இருபுறமும் நாணயச்சாலையின் எழுத்துகள். மறுபக்கம் கிரீடத்தின் கீழே அரசியின் பெயர் முதலெழுத்தும் அதற்குள் இரண்டு என்ற ரோமன் எண்ணும் சேர்ந்த எழுத்துப்பின்னல், அதன் இருபுறமும் பிரிந்து நிற்கும் ஆண்டு, சுற்றிலும் இலைவளையம். மூன்றாம் பீட்டரின் பத்து கோப்பெக்கிலோ ஒரு பக்கம் குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜ், மறுபக்கம் மத்தளம், கொடி, பீரங்கி முதலிய போர்க்கருவிகள். ரஷ்யச் சேகரிப்பாளர்கள் இந்தக் காசுகளை மத்தளங்கள் என்றே அழைக்கிறார்கள்.

எச்சம் தங்குவதற்கு வசதியான இடங்கள் மூன்று. முதலாவது, புதிய உருவம் மிக உயர்ந்து நிற்கும் பகுதிகள். அங்கே அச்சு ஆழமாகக் குழிந்திருப்பதால் பழைய பரப்பு முழுமையாக நசுங்காது. கழுகின் மார்பும், எழுத்துப்பின்னலின் தடித்த தண்டுகளும் அப்படிப்பட்டவை. இரண்டாவது, விளிம்பை ஒட்டிய வட்டம். அச்சு சற்றே விலகி விழுந்திருந்தால் பழைய காசின் ஓர எழுத்துகள் அங்கே பிழைத்திருக்கும். மூன்றாவது, உருவம் இல்லாத வெற்றுத் தளம். பழைய மேடு மிக உயரமாக இருந்திருந்தால் மட்டும் இங்கே ஒரு மங்கிய, தட்டையான நிழலாகத் தெரியும். எனக்குத் தெரிந்தவரை அதிகம் பயன்படுவது மத்தளத்தின் உடல்தான்: இலைவளையத்தின் உட்புறத்தில் சம இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் சரிந்து ஓடும் கயிற்றுக் கோடுகள், அவற்றை முடிக்கும் ஒரு வளைந்த பட்டை. இலைக்கு அப்படி ஓர் ஒழுங்கு கிடையாது. கழுகின் இறகு ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும், குறுக்கே வெட்டிக்கொள்ளாது.

கழுகுக்கு அடியில குதிரைதான் இருக்கணுமா, இல்ல மத்தளமும் இருக்கலாமா?

எதுவும் இருக்கலாம். தொழிலாளி பழைய காசை அச்சுக்கு நடுவே வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கிறது, தலை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆகவே கழுகுப் பக்கத்தில் குதிரை கிடைத்தால் எழுத்துப்பின்னல் பக்கத்தில் மத்தளம் கிடைக்க வேண்டும். கழுகுப் பக்கத்தில் மத்தளம் என்றால் மறுபக்கம் குதிரை. ஒரு பக்கத்தில் கண்டுபிடித்ததை மறுபக்கத்தில் சோதிப்பது மிக நம்பகமான வழி. இரண்டு பக்கத்திலும் குதிரை கண்டேன் என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று கற்பனை.

கோணத்தைக் கண்டுபிடிக்கப் புகைப்படம் உதவும். உங்கள் காசையும், மேலச்சு படாத ஒரு பத்து கோப்பெக்கையும் ஒரே அளவில் படமெடுத்து, இரண்டாவது படத்தைப் பாதி ஒளிபுகும்படி மங்கலாக்கி முதல் படத்தின் மேல் வைத்துச் சுழற்றிக்கொண்டே வாருங்கள். இந்த வசதி சாதாரணமான பட மென்பொருள்களில் உண்டு. ஒரு கோணத்தில் இரண்டு மூன்று எச்சங்கள் ஒரே சமயத்தில் பொருந்தினால் அடையாளம் உறுதி. ஒரே ஒரு கோடு மட்டும் பொருந்துவது எந்தக் கோணத்திலும் நடக்கும். அதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

லென்ஸ் வச்சுப் பார்த்தாலும் ஒண்ணும் புரியலையே?

குறை பெரும்பாலும் லென்ஸில் இல்லை, வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைக் காசின் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக வைத்து, ஒளி பரப்பின் மேல் உரசிச் செல்லும்படி அமையுங்கள். பிறகு காசை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோட்டின் நீளத்துக்கு இணையாக ஒளி விழுந்தால் அந்தக் கோடு மறைந்துவிடும். குறுக்கே விழுந்தால் நிழலோடு எழும். ஒரே நிலையில் வைத்துப் பார்ப்பவர் பாதி எச்சங்களைத் தவறவிடுவது இதனால்தான். ஐந்து மடங்கு பெருக்கும் லென்ஸ் தாராளம். அதிகப் பெருக்கத்தில் கீறல்தான் பெரிதாகும், உருவம் புலப்படாது.

ரெண்டு தடவை அடிபட்ட காசுக்கும் மேலச்சுக்கும் என்ன வித்தியாசம்?

குழப்பம் தருகிற நான்கு வகைகள் உண்டு. ஒரே அச்சுக்கு அடியில் காசு நகர்ந்து இரண்டு முறை அடிபட்டால், அதே கழுகின் பகுதி சற்றுத் தள்ளி இன்னொரு முறை தெரியும். வேறு வடிவமைப்பு எதுவும் இருக்காது. இதுதான் டபுள் ஸ்ட்ரைக். இடையில் வில்லை இல்லாமல் இரு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதியிருந்தால், மறுபக்கத்து உருவத்தின் மங்கிய வடிவம் இடவலம் மாறித் தெரியும். அந்தத் தடம் அச்சிலேயே பதிந்துவிட்டதால் அந்த அச்சில் அடித்த எல்லாக் காசுகளிலும் அதே இடத்தில் வரும். மேலச்சின் எச்சம் இடவலம் மாறாது, ஒவ்வொரு காசிலும் வேறு கோணத்தில் வரும். காசு முழுவதையும் மறைக்காமல் ஒரு சிறிய முத்திரையை மட்டும் குத்தியிருந்தால் அது கவுன்ட்டர்மார்க். அது தனிப் பிரிவு. நான்காவது வகை, அச்சிலேயே ஆண்டைத் திருத்தியது. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

1763-ன்னு இருக்கு, பக்கத்துலயே 1762-ம் தெரியுது. எந்த வருஷக் காசுன்னு எழுதி வைக்கிறது?

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் மேலச்சின் ஆண்டே காசின் ஆண்டு. குறிப்பட்டையில், கேத்தரின், ஐந்து கோப்பெக், 1763, அடிக்காசு மூன்றாம் பீட்டரின் பத்து கோப்பெக் 1762 என்று எழுதுங்கள். அடிக்காசின் எச்சம் எந்தப் பக்கத்தில், எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதையும் சேர்த்தால் பின்னால் பார்ப்பவருக்கு உதவும்.

ஆனால் அந்த 1762 உண்மையில் அடிக்காசின் எண்ணா, அல்லது அச்சு வெட்டியவர் 2-ஐ 3 ஆகத் திருத்தியதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். திருத்திய அச்சில் பழைய இலக்கம் புதிய இலக்கத்துக்கு நேர் அடியில், அதே நிமிர்ந்த நிலையில், அதே அளவில் இருக்கும். அடிக்காசின் ஆண்டு ஏதோ ஒரு சாய்வில், எங்கேயாவது, மற்ற எச்சங்களோடு சேர்ந்துதான் தெரியும். சந்தேகம் தீரவில்லை என்றால் அதே அச்சில் அடித்த இன்னொரு காசின் படத்தைத் தேடுங்கள். அங்கேயும் அதே இடத்தில் அதே 2 இருந்தால் அது அச்சுத் திருத்தம்.

மூணு நாலு அடுக்கு இருக்கிற காசும் உண்டுன்னு சொல்றாங்களே, நிஜமா?

உண்மை. சொல்லப்போனால், 20.48 கிராம் வில்லையின் வரலாறு ஐந்து அடுக்குவரை நீளக்கூடியது. ரஷ்யச் செம்பில் எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான். 1723 முதல் 1730 வரை பூட்டுக்கு 40 ரூபிள் என்ற மிக இலேசான தரத்தில் ஐந்து கோப்பெக் காசுகள் அடிக்கப்பட்டன. அவற்றின் ஒரு பக்கத்தில் சிலுவைபோல் வெட்டிக்கொள்ளும் கோடுகள் இருக்கும். செம்பின் உண்மை விலை அதைவிடப் பல மடங்கு குறைவு என்பதால் கள்ளக் காசுகள் பெருகின. அரசு 1744 முதல் அவற்றின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து 2 கோப்பெக்குக்குக் கொண்டுவந்தது. பிறகு 1755 முதல் 1757 வரை, பூட்டுக்கு 8 ரூபிள் என்ற தரத்தில், மேகங்களுக்கு நடுவே கழுகு அமைந்த ஒரு கோப்பெக் காசை அவற்றின் மேலேயே அடித்தார்கள். 40 ரூபிள் தரத்தில் ஐந்து கோப்பெக்கும் 8 ரூபிள் தரத்தில் ஒரு கோப்பெக்கும் ஒரே எடை என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து 1757-ல், கோமகன் பீட்டர் ஷுவாலோவ் முன்னின்று நடத்திய சீர்திருத்தத்தில் தரம் 16 ரூபிள் ஆனது. அதே வில்லை இரண்டு கோப்பெக் ஆயிற்று. 1762-ல் மூன்றாம் பீட்டர் அதை நான்கு கோப்பெக் ஆக்கினார். 1763-ல் கேத்தரின் அதைத் திரும்பவும் இரண்டு கோப்பெக் ஆக்கினார். நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரே செம்புத் துண்டு ஐந்து, ஒன்று, இரண்டு, நான்கு, மறுபடி இரண்டு என்று மாறியிருக்க முடியும். வரலாறு இடம் கொடுக்கிறது என்பதற்காக உங்கள் காசில் ஐந்தும் இருப்பதாக எழுதிவிடக் கூடாது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியே எச்சம் காட்ட வேண்டும். வழக்கமாக இரண்டு அடுக்கு தெளிவாகவும், மூன்றாவது அரைகுறையாகவும் தெரியும்.

என் ரெண்டு கோப்பெக் காசுல குதிரை நல்லாவே தெரியுது. அப்போ அடியில பீட்டர் காசுதானே?

அவசரப்பட வேண்டாம். குதிரை ஐந்து கோப்பெக்குக்குத்தான் நல்ல சாட்சி. இரண்டு கோப்பெக்குக்கு அது சாட்சியே ஆகாது. எலிசபெத்தின் இரண்டு கோப்பெக், பீட்டரின் நான்கு கோப்பெக், கேத்தரினின் இரண்டு கோப்பெக் ஆகிய மூன்றிலுமே ஒரு பக்கத்தில் புனித ஜார்ஜ்தான் இருக்கிறார். உங்கள் காசில் தெரிவது அடிக்காசின் குதிரையாக இருக்கலாம். டபுள் ஸ்ட்ரைக்கில் நகர்ந்த மேலச்சின் குதிரையாகவும் இருக்கலாம். இங்கே தேட வேண்டியது மத்தளத்தையும் கொடிகளையும்தான். அவை இந்த மூன்றில் பீட்டரின் காசில் மட்டுமே உண்டு.

இதேபோல் ஐந்து கோப்பெக்கில் கழுகின் எச்சம் எதையும் நிரூபிக்காது. எலிசபெத்தின் காசிலும் கேத்தரினின் காசிலும் கழுகு உண்டு. முன்பு சொன்ன பட்டியலைப் போடும்போது, எல்லாக் காசுகளுக்கும் பொதுவான உருவங்களை அடித்துவிட்டு, ஒரே ஒரு காசுக்கு மட்டும் உரியவற்றை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேல 1793, அடியில 1796. அடியில இருக்கிறது எப்படி மேல இருக்கிறதவிடப் புதுசா இருக்கும்?

இந்த வரிசையிலேயே சுவையான கேள்வி இதுதான். கேத்தரின் தன் கடைசி ஆண்டான 1796-ல் மறுபடியும் 32 ரூபிள் தரத்துக்குப் போக முயன்று, ஐந்து கோப்பெக் காசுகளின் மேல் பத்து கோப்பெக் அச்சை அடிக்கத் தொடங்கினார். இந்தக் காசுகளில் கழுகு கிடையாது. ஒரு பக்கம் பெரிய எழுத்துப்பின்னல், மறுபக்கம் மதிப்பு. அந்த ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார். அடுத்து வந்த மகன் முதலாம் பவுல் திட்டத்தை நிறுத்தி, அடித்த காசுகளைத் திரும்பவும் ஐந்து கோப்பெக் ஆக்க உத்தரவிட்டார். 1797-ல் நடந்த அந்த வேலைக்குப் புதிய வடிவமைப்பு எதையும் உருவாக்காமல், கேத்தரின் காலத்து ஆண்டுகளைத் தாங்கிய பழைய வகை அச்சுகளையே பயன்படுத்தினார்கள். ஆகவே மேலே 1793 என்று இருந்தாலும் அந்தக் காசு பிறந்த ஆண்டு 1797. சேகரிப்பாளர்கள் இதைப் பவுலின் மறு அச்சு என்பார்கள். 1793 என்ற ஆண்டும் யெகாத்தெரின்பர்க் நாணயச்சாலையின் எழுத்துகளும் கொண்டவையே அதிகம் கிடைக்கின்றன.

அடியில் 1796 என்ற இலக்கமோ, அந்தப் பத்து கோப்பெக்கின் பெரிய எழுத்துப்பின்னலோ தெரிந்தால் மட்டுமே இந்தப் பெயரைக் கொடுக்கலாம். எல்லா 1793 காசுகளும் பவுலின் மறு அச்சு ஆகிவிடாது. அந்த ஆண்டிலேயே புது வில்லையில் அடித்த சாதாரணக் காசுகளும் ஏராளம். விற்பவர்கள் இந்தப் பெயரைத் தாராளமாக ஒட்டுவதால், எச்சத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

காசோட விளிம்பையும் பார்க்கணுமா?

கட்டாயம். மேலும் கீழும் விழுகிற அச்சு விளிம்பை நேரடியாகத் தொடாது என்பதால், அடிக்காசின் விளிம்பு அலங்காரம் அப்படியே தங்கிவிடுவது உண்டு. 1755 முதல் 1757 வரையிலான ஒரு கோப்பெக் காசுகளில் நாணயச்சாலையின் பெயரை விளிம்பில் எழுத்தாகப் பொறிக்கும் வழக்கம் இருந்தது. இரண்டு கோப்பெக் காசு ஒன்றின் விளிம்பில் வலைப்பின்னலுக்குப் பதிலாக எழுத்துகள் தென்பட்டால், முகத்தில் எச்சமே இல்லாவிட்டாலும் அடியில் அந்தக் கோப்பெக் இருப்பதற்கு அது வலுவான சான்று. அட்டைச் சட்டத்துக்குள் அடைத்து விற்கும் காசை வாங்கியதும் வெளியே எடுத்து விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கறுப்பா இருக்கே, புளி போட்டுத் துலக்கினா எச்சம் நல்லாத் தெரியுமா?

செப்புக் குடத்துக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யாதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல் எல்லாம் கறையோடு செம்பின் மேற்பரப்பையும் அரித்துவிடும். எச்சம் என்பதே முடியளவு உயரம் உள்ள ஒரு மேடு. முதலில் போவது அதுதான். தவிர, மேடான இடத்தில் தேய்ந்தும் பள்ளத்தில் தங்கியும் இருக்கும் அந்தக் கறுப்புதான் உருவத்தைப் பிரித்துக் காட்டுகிறது. பளபளவென்று துலக்கிய காசில் படமெடுத்தாலும் ஒன்றும் தெரியாது, விலையும் பாதியாகும்.

மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கலாம். அசிட்டோன் பிசுக்கை எடுக்கும், செம்பைத் தொடாது. வெளிர்ப் பச்சைப் பொடியாக உதிரும் களிம்பு மட்டும் பரவக்கூடிய நோய். அந்தக் காசைத் தனியே வைத்து, அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள்.

மேலச்சு இருந்தா அசல் காசுதான்னு நம்பலாமா?

ஓரளவுக்கு நம்பலாம். ஒவ்வொரு காசிலும் வெவ்வேறு கோணத்தில் எச்சத்தை உருவாக்குவது கள்ள நாணயக்காரனுக்கு வீண் வேலை. ஆனால் உண்மையான ஒரு மேலச்சுக் காசை வைத்து வார்ப்பு எடுத்தால் எச்சமும் சேர்ந்தே வார்ப்பில் வந்துவிடும். ஆகவே சோதனை இப்படி இருக்க வேண்டும்: உங்கள் காசில் உள்ள எச்சம் அதே இடத்தில், அதே கோணத்தில் இன்னொரு காசிலும் இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி. மேலச்சின் எச்சம் இரண்டு காசுகளில் ஒன்றுபோல் அமையாது. வார்ப்புக்கு உரிய நுண்துளைகளையும், விளிம்பில் ஓடும் இணைப்புக் கோட்டையும் பார்க்க மறக்க வேண்டாம்.

வேறொரு வகைப் போலியையும் அறிந்து வைத்துக்கொள்ளலாம். 1788-ல் ரஷ்யாவோடு போர் மூண்டபோது ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவின் ஆட்சியில் அவெஸ்தா நாணயச்சாலை கேத்தரினின் ஐந்து கோப்பெக்கைப் போலியாக அடித்தது. ரஷ்யப் பேரரசு கிரீடத்துக்குப் பதில் ஸ்வீடனில் வழங்கிய அரச கிரீடத்தின் வடிவம் அவற்றில் இருப்பதுதான் அடையாளம். இந்தப் போலிக்கு இன்று அசலைவிடத் தேவை அதிகம் என்பது வேடிக்கை.

எச்சம் ஒண்ணுமே தெரியல, ஆனா 1763 மாஸ்கோ காசு. மேலச்சுன்னு எழுதலாமா?

எழுதக் கூடாது. அந்த நாணயச்சாலையும் ஆண்டும் மேலச்சுக்குப் பேர்போனவை என்பது சூழ்நிலைச் சான்று மட்டுமே. மேலச்சாக இருக்க வாய்ப்பு உண்டு, எச்சம் தெரியவில்லை என்று குறித்து வையுங்கள். எச்சம் இருக்கிறது, அது எந்தக் காசு என்று புரியவில்லை என்றால், அடையாளம் காணப்படாத அடிக்காசு என்று எழுதி, எச்சத்தின் வடிவத்தைச் சொற்களில் விவரித்துவிடுங்கள்: எழுத்துப்பின்னலின் வலப்புறம் இரண்டு இணைகோடுகள், விளிம்பை நோக்கி விரிகின்றன என்பதுபோல. ஒரு பெயரைத் துணிந்து போட்டுவிட்டால் அடுத்தவர் அந்தக் காசை மறுபடி பார்க்கவே மாட்டார்.

மேலச்சு இருந்தா விலை கூடுமா, குறையுமா?

இரண்டும் நடக்கும். அழகான கழுகை எதிர்பார்ப்பவருக்கு எச்சம் ஒரு குறை. அவர் குறைத்துக் கேட்பார். எச்சத்துக்காகவே வாங்குபவர் அடிக்காசின் ஆண்டும் மதிப்பும் படிக்கும்படி இருந்தால் கூடுதலாகக் கொடுப்பார். வெறுமனே கலங்கித் தெரிகிற 1763 காசுக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை. அவை நிறையக் கிடைக்கின்றன. மேலே அச்சு விழாமல் தப்பிய மூன்றாம் பீட்டரின் பத்து கோப்பெக்கும், தெளிவான பவுலின் மறு அச்சும் அவற்றைவிட அரியவை. பீட்டரின் காசு எச்சம் எதுவும் இல்லாமல், கண்ணாடிபோல் வழவழப்பாக வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்: சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் நாணயச்சாலைகளே அடித்துக் கொடுத்த நோவோதெல் என்னும் மறுபதிப்புகள் ரஷ்ய நாணயங்களில் உண்டு.

வெளிநாட்டுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கிடலாமா?

அனுப்புவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை உள்ள நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. வெளிநாட்டுக் காசுதானே என்று தபாலில் போட்டுவிட்டுச் சிக்கிக்கொள்ள வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். அடையாளம் காண்பதற்கு மட்டும் என்றால் காசு எங்கேயும் போகத் தேவையில்லை. இரு பக்கங்களையும் விளிம்பையும், பக்கவாட்டு வெளிச்சத்தில், நான்கு திசைகளிலிருந்து ஒளி விழும்படி நான்கு முறை படமெடுத்து, எடையையும் விட்டத்தையும் சேர்த்து அனுப்பினால், தெரிந்தவர்கள் எங்கிருந்தாலும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.